மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த அரசு மழலையர் பள்ளி? அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்ததும், பெங்களூரில் அல்சூருக்கும் மர்பி டவுனுக்கும் இடையில் நாங்கள் குடியிருக்கும் தெருக்களில், மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும். ஐந்தாறு தெருக்கள்தான், அவற்றில் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்கள். ஆட்டோ ஓட்டவும் கடைக்கும் வீட்டு வேலைக்கும் பெற்றோர் புறப்பட்டுவிட்டால், காலை எட்டரைக்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியைத் தவிர வேறு ஆள் இல்லாத வீடுகளே அதிகம். தனியார் பள்ளியின் எல்.கே.ஜி. கட்டணத்தைக் கட்ட முடியாதவர்களுக்கு, நடக்கும் தூரத்தில் இருக்கும் அரசு நிலையங்களில் எது நம் பிள்ளைக்கு ஏற்றது என்பதே கேள்வி. நான்கு ஆண்டுகள் ஓர் அங்கன்வாடியின் பால விகாச சமிதியில், அதாவது பெற்றோர் இடம்பெறும் குழுவில், உறுப்பினராக இருந்ததிலும், என் இரண்டு பிள்ளைகளையும் அரசு நிலையங்களில் சேர்த்ததிலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் முதலில் கட்டடத்தையும் சீருடையையும் பார்த்து ஒப்பிட்டோம். அது தவறான இடத்தில் தொடங்குவது என்பது பிறகுதான் விளங்கியது.

வயதுக் கணக்கு

எந்த நிலையத்தையும் பார்க்கப் போகும் முன், பிள்ளையின் பிறந்த தேதியை வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1ஆம் தேதி 6 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. 2025-26 கல்வியாண்டுக்கு மட்டும், யு.கே.ஜி. முடித்த பிள்ளைகளுக்கு 5 வயது 5 மாதம் இருந்தால் போதும் என்று அரசு தளர்த்தியது. அதை என்றைக்கும் உள்ள சலுகையாக எண்ணிப் பிள்ளையை முன்கூட்டியே எல்.கே.ஜி.யில் தள்ளிவிட வேண்டாம்.

2022 அக்டோபரில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 2028 ஜூனில் அதற்கு 6 வயதாக இன்னும் நான்கு மாதம் இருக்கும். ஆகவே ஒன்றாம் வகுப்பு 2029 ஜூனில்தான். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் யு.கே.ஜி. 2028இல், எல்.கே.ஜி. 2027இல் வருகின்றன. 2026 ஜூனில் அக்குழந்தைக்கு மூன்றரை வயது கடந்திருக்கும். அந்த ஓராண்டுக்கு எல்.கே.ஜி. பொருந்தாது, அங்கன்வாடிதான் பொருந்தும். இந்தக் கணக்கைப் போடாமல் அவசரமாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் யு.கே.ஜி.யிலேயே இரண்டு ஆண்டு உட்கார வேண்டி வருவதையும், அதனால் பிள்ளை தோற்றுவிட்டதாக வீட்டார் தவறாக எண்ணி வருந்துவதையும் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் என்னென்ன உண்டு

முதலாவது அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் தொடங்கப்பட்டபோது, கர்நாடகத்தில் அது மைசூர் மாவட்டத்தின் டி.நரசீபுரத்தில் 100 நிலையங்களோடு தொடங்கியது. இன்று மாநிலத்தில் ஏறக்குறைய 70,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். பெண்கள் மற்றும் குழந்தைகள் வளர்ச்சித் துறையின் கீழ் இவை வருவதால், குறை சொல்ல வேண்டியிருந்தால் கல்வித் துறையிடம் போகாமல் வட்ட மேற்பார்வையாளரிடமும், அவருக்கு மேல் சி.டி.பி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் போக வேண்டும். அருகில் அங்கன்வாடியே இல்லாத குடியிருப்பாக இருந்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் குடிசைப் பகுதிகளில் மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் நிலையம் திறக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டிருப்பதை நினைவில் வையுங்கள். சின்னக் குடியிருப்புகள் கேட்கத் தயங்குவதாலேயே பல ஆண்டுகளை இழக்கின்றன.

இரண்டாவது, தரம் உயர்த்தப்பட்ட அங்கன்வாடி. 2024 ஜூலையில் பெங்களூரில் 250 அங்கன்வாடிகள் அரசு மாண்டிசோரி என்ற பெயரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கின. இடமும் உணவும் பழைய அங்கன்வாடிக்கு உரியவையே. கூடுதலாக ஆங்கிலமும் வகுப்புப் பிரிவும் வருகின்றன. உங்கள் தெருவில் இருப்பது இந்த வகையா, பழைய வகையா என்பதைப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், எல்.கே.ஜி.க்கு என்று தனி வருகைப் பதிவேடு இருக்கிறதா என்று டீச்சரிடமே கேளுங்கள்.

மூன்றாவது, கல்வித் துறையின் கீழ் வரும் கர்நாடக பப்ளிக் ஸ்கூல்களிலும் வேறு சில அரசுப் பள்ளிகளிலும் உள்ள எல்.கே.ஜி. வகுப்புகள். மழலையர் வகுப்பிலிருந்து மேல் வகுப்புகள் வரை ஒரே வளாகத்தில் படிக்கலாம் என்பது இவற்றின் பெரிய வசதி. ஆனால் மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் பெரும்பாலும் தற்காலிகமாக நியமிக்கப்படுகிறவர்கள். சம்பளம் தாமதமானால் ஆண்டின் நடுவிலேயே போய்விடுவார்கள். நான்காவது, மாநகராட்சி நடத்தும் நர்சரிப் பள்ளிகள். 2025 செப்டம்பரில் பழைய பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேந்திரிய வித்யாலயத்தின் மழலையர் வகுப்பான பால்வாடிகா 2022இல் 49 பள்ளிகளில் தொடங்கிப் பிறகு விரிந்தது. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. அந்த வேலையில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். மற்றவர்கள் அதையே நம்பிக் காத்திருக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இலவச இடம் கிடைக்கும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: 2019 முதல் கர்நாடகத்தில், அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிகளில் அந்த இடங்கள் ஒதுக்கப்படுவதில்லை. நகரின் நடுவே வாழும் நமக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது.

ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு காலை போய், பிள்ளைகள் வரத் தொடங்கும் நேரம் முதல் சாப்பாட்டு நேரம் வரை ஒரு மூலையில் அமைதியாக உட்காருங்கள். முந்தின நாளே டீச்சரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. வேலைக்குப் போகும் பெற்றோர்கள் ஆளுக்கு ஒரு நிலையம் என்று பிரித்துக்கொள்ளலாம்; எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் அப்படித்தான் செய்தோம்.

கையில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள். ஒரு பெரியவரோடு சேர்ந்து பாடுகிறார்களா, கதை கேட்கிறார்களா, கட்டைகளையோ விதைகளையோ வைத்து எதையாவது அடுக்கிக்கொண்டிருக்கிறார்களா, எழுத்தைப் பார்த்து எழுதுகிறார்களா, சேர்ந்து ஒப்பிக்கிறார்களா, சும்மா காத்திருக்கிறார்களா, கை கழுவுகிறார்களா? மூன்று மணி நேரத்தில் பதினெட்டுக் குறிப்புகள் சேரும். வீட்டுக்கு வந்து, ‘காத்திருப்பு’ எத்தனை, ‘பெரியவரோடு’ எத்தனை என்று எண்ணுங்கள். பதினெட்டில் பாதிக்கு மேல் காத்திருப்பாக இருந்தால், சுவரில் எவ்வளவு அழகான யானைப் படம் வரைந்திருந்தாலும் அந்த நிலையத்தில் உங்கள் பிள்ளையின் காலை வீணாகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு நடந்த ஓர் ஆய்வில், அவற்றில் பாதி நிலையங்களுக்கு அரை நாள் வேலை செய்யும் ஒரு கூடுதல் பணியாளர் கொடுக்கப்பட்டார். மழலையர் கல்விக்குச் செலவான நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள், ஊட்டக்குறைவும் குறைந்திருந்தது. மற்ற ஏற்பாடுகள் அப்படியே இருக்க, பிள்ளைகளோடு இருக்க ஒரு பெரியவர் கூடுதலாகக் கிடைத்ததுதான் வேறுபாடு. ஆகவே ஒப்பிடும்போது முதலில் எண்ண வேண்டியது பெரியவர்களின் எண்ணிக்கையைத்தான். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு 20 பேருக்கு ஒரு பெரியவர் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய மழலையர் பராமரிப்பு, கல்விக் கொள்கை சொல்லும் அளவு. பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை விட்டுவிட்டு, நீங்கள் போன நாளில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் அவர்களோடு உண்மையிலேயே இருந்த பெரியவர்களையும் எண்ணுங்கள். ஆயா பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆயா இல்லாத அங்கன்வாடியில் டீச்சரே சமைத்து, டீச்சரே பெருக்கி, டீச்சரே பாடம் சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நேரம் அவருக்குக் கட்டுப்படாது.

அங்கன்வாடி டீச்சர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே தவறாக எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகளின் வருகை, எடை, உணவு எல்லாவற்றையும் போஷண் டிராக்கர் செயலியில் அவர் பதிய வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு உணவுப்பொருள் கொடுப்பதும், தடுப்பூசி நாளும், வீடு வீடாகக் கணக்கெடுப்பதும் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன. அந்த வேலைகளை அவர் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு செய்கிறாரா, காலை நேரத்திலேயே செய்ய வேண்டியிருக்கிறதா என்பதைக் கவனித்து எழுதுங்கள்.

அடுத்தது, எழுத வைப்பது பற்றி. நோட்டு நிறைய ஏ, பி, சி, டி எழுதியிருந்தால் பெற்றோர் மகிழ்கிறோம், நானும் மகிழ்ந்தவள்தான். ஆனால் 2022இல் வந்த அடிப்படைநிலைத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடநூலே வேண்டியதில்லை என்கிறது. ராஜஸ்தான், அசாம், ஆந்திர-தெலங்கானா பகுதிகளில் நான்கு வயது முதல் எட்டு வயது வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வும், தனியார் மழலையர் பள்ளிகள் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிக்க வைப்பதிலேயே நின்றுவிடுகின்றன, பல அங்கன்வாடிகளிலோ கற்பித்தலே மிகக் குறைவாக நடக்கிறது என்று இரு பக்கத்தையும் குறை சொன்னது. விளையாட்டும் பொருள்களும் உரையாடலும் இருந்த வகுப்புகளின் பிள்ளைகளே பின்னால் பள்ளிக்கு நன்றாகத் தயாராக இருந்தார்கள். கர்நாடக அங்கன்வாடிகளில் ‘சிலிபிலி’ என்ற பாடத்திட்டம் உண்டு. பறவைகளின் கலகலப்பைக் குறிக்கும் கன்னடச் சொல் அது. மரம், தண்ணீர், என் வீடு என்று பொருள்வாரியாகப் பாட்டும் கதையும் விளையாட்டும் அதில் அமைந்திருக்கும். இந்த வாரம் எந்தப் பொருள் நடக்கிறது என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் பதில் வந்து, அதைச் சார்ந்த படமோ பொருளோ அறையில் கண்ணில் பட்டால், அங்கே கற்பித்தல் உண்மையாகவே நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுப் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். பூட்டிய அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் புத்தம் புதிதாக இருக்கும் பொம்மைகளை நான் நம்புவதில்லை. மூலை தேய்ந்த கட்டைகளும் ஓரம் கிழிந்து ஒட்டப்பட்ட படப் புத்தகமும் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருந்தால் அதுவே போதும்.

மொழி

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், கொஞ்சம் உருதும் கேட்டு வளர்கிறவர்கள். அங்கன்வாடி டீச்சர் பெரும்பாலும் கன்னடத்தில் பேசுவார், எல்.கே.ஜி. டீச்சர் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேசுவார். தமிழ் மழலையர் வகுப்பு நம் பக்கத்தில் கிடைக்கவில்லையே என்று வருந்துவதைக் காட்டிலும், நம் பிள்ளை சொல்வதை அங்கே யாராவது ஒருவர் புரிந்துகொள்வாரா என்று கேட்பதே பயனுள்ளது.

என் மூத்த மகள் மூன்று வயதில் சேர்ந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், வயிறு வலிக்கிறது என்று அவள் காலை முழுவதும் தமிழில் சொல்லி அழுதிருக்கிறாள். வேறு ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர், அம்மாவைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்து அன்போடு தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கன்னடத்தில் வயிறு என்பது ‘ஹொட்டெ’; அவருக்கு எப்படிப் புரியும்? மறுநாள் நான் டீச்சருக்குத் தமிழில் சில சொற்களையும், மகளுக்குக் கன்னடத்தில் ‘ஹொட்டெ நோவு’ (வயிற்று வலி), ‘நீரு பேக்கு’ (தண்ணீர் வேண்டும்) போன்ற சில சொற்களையும் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு சிக்கல் வரவில்லை. சிறுநீர் கழிக்க நாம் ‘ஒண்ணுக்கு’ என்பதைக் கன்னடத்திலும் ‘ஒந்தக்கெ’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதால், அந்த ஒன்றில் நம் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை.

ஆகவே போய்ப் பார்க்கும் நாளில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: பசி, தண்ணீர், வலி, வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நான்கையும் உங்கள் பிள்ளை வீட்டுத் தமிழில் சொன்னால், அந்த அறையில் இருக்கும் டீச்சருக்கோ ஆயாவுக்கோ புரியுமா? ஆயா தமிழ் தெரிந்தவராக இருந்தால் எனக்கு அது ஒரு பெரிய சாதக அம்சம். நம் பக்கத்து நிலையங்களில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். முடிந்த இடங்களிலெல்லாம் பிள்ளையின் வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

கன்னடம் பிள்ளைக்குச் சுமையாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு, பூ என்பது ஹூவு, பத்து என்பது ஹத்து. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறி நிற்கும் சொற்கள் ஏராளம். சில வாரங்களிலேயே பிள்ளைகள் இந்த ஓசை மாற்றத்தைத் தாமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த ஊரில் வளரும் பிள்ளைக்குக் கன்னடம் விளையாட்டுத் துணையையும் பின்னாளில் வேலையையும் கொடுக்கப்போகும் மொழி. ஆங்கிலம் வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. ஆனால் எல்.கே.ஜி. வகுப்பைப் பார்க்கும்போது, ஆங்கிலம் அங்கே பேசப்படுகிறதா, வெறுமனே எழுதப்படுகிறதா என்று கவனியுங்கள். ‘கம் ஹியர், சிட் டவுன்’ என்பதற்கு மேல் ஆங்கிலம் காதில் விழாத வகுப்பில், எழுத்துகள் மட்டும் நோட்டில் நிறைவதால் மொழி வந்துவிடாது. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு வீட்டினுடையது. அதற்கு ஆறு, ஏழு வயது வரை பொறுக்கலாம். 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. இப்போதைக்கு இரவில் தமிழில் கதை சொன்னால் போதும்.

சாப்பாடு, எடை, அறை, வழி

உணவு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 தந்த உரிமை. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுணவும் சூடான சமைத்த உணவும் அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்; கர்நாடகத்தில் 2013 முதல் க்ஷீர பாக்கியத் திட்டத்தின் பாலும் உண்டு. முட்டை எந்தெந்த நாளில் என்று கேட்டு, அந்த நாள்களில் ஒன்றில் போய்ப் பாருங்கள். பரிமாறப்படும் அளவையும், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிறார்களா என்பதையும் பார்த்தாலே சமையலின் தரம் தெரிந்துவிடும். கல்வித் துறைப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கும் மதிய உணவு உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். மூன்று வேளையும் நிறைவாகச் சாப்பாடு போட முடியாத வீட்டுக்கு இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானிக்கலாம்.

அங்கன்வாடியில் மாதம்தோறும் எடையும் உயரமும் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். தாய் அட்டை எனப்படும் தாய்-சேய் நல அட்டையைக் கொண்டுபோய், போன மாத எடையைக் காட்டச் சொல்லுங்கள்.

அறையைப் பொறுத்தவரை, 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 375 சதுர அடி வகுப்பறை வேண்டும் என்பது தேசிய அளவுகோல். வாடகைக் கட்டடத்தில் ஒற்றை அறையில் நடக்கும் நம் நகரத்து அங்கன்வாடிகளில் பல இந்த அளவை எட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அளவை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாமல், அடுப்பும் எரிவாயு உருளையும் பிள்ளைகள் எட்டாத இடத்தில் தடுக்கப்பட்டிருக்கின்றனவா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அதன் கதவைப் பிள்ளை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழி உண்டா, தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அதைச் சரி செய்த பிறகே பிள்ளையை விடுங்கள்.

வழியை உங்கள் நடையில் அளக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் வேகத்தில் நடந்து பாருங்கள். பழைய மெட்ராஸ் சாலையைப் போன்ற ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், தினமும் கூட்டிப் போகப்போவது நீங்களா, முழங்கால் வலியுள்ள பாட்டியா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தெருவா என்று அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழும் தாய் அட்டையும் எடுத்துப் போங்கள். ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வேலைக்காக அண்மையில் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து, தாள்கள் இன்னும் ஊரிலேயே இருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சின்ன இடத்தில் ஒப்பிடுவதன் பொறுப்பு

ஐந்தாறு தெருக்கள் கொண்ட இடத்தில் டீச்சரும் ஆயாவும் நமக்கு அண்டை வீட்டார். நாம் எழுதிய நோட்டு வாட்ஸ்அப்பில் சுற்றி அவர்கள் காதுக்கு எட்டினால், இருபது ஆண்டு உழைத்தவரின் மனம் உடைந்துவிடும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: எண்களையும் கண்ணால் பார்த்ததையும் மட்டும் பகிர்வது; ஆளைப் பற்றிய கருத்தைப் பகிராதது; குறை என்றால் முதலில் அவரிடமே நேரில் சொல்வது. ‘டீச்சரம்மா, பிள்ளைகள் பத்தரை மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தார்களே, அந்த நேரத்தில் நாங்கள் யாராவது வந்து கதை சொல்லட்டுமா’ என்று கேட்டபோது, எங்கள் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. புதன்கிழமைகளில் வரச் சொன்னார்.

கேட்பதற்கு முறையான இடமும் உண்டு. ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் பெற்றோர் இடம்பெறும் பால விகாச சமிதி உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு எஸ்.டி.எம்.சி. என்ற பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு உண்டு. கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, அதன் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கூட்டம் நடக்கிற நிலையத்தில் குழாய் உடைந்தால் சீக்கிரம் சரியாகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். இரண்டு நிலையங்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக நின்றால் இதை வைத்து முடிவு செய்யுங்கள். இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். எட்டுப் பிள்ளைகள் மட்டும் வரும் நிலையத்திலிருந்து ஐந்து குடும்பங்கள் சேர்ந்து விலகினால், மீதமுள்ள மூன்று பிள்ளைகளின் நிலையம் வேறொன்றோடு இணைக்கப்படும் நிலைக்குத் தள்ளப்படலாம். அதற்காக உங்கள் பிள்ளையை மோசமான இடத்தில் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறு குறை என்றால், ஐந்து குடும்பங்களும் சேர்ந்து கேட்டுச் சரி செய்வது விலகுவதைவிட எளிது.

முடிவெடுப்பது

மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையை நாங்கள் முயன்று கைவிட்டோம். கழிப்பறைக்கு ஐந்தும் பாட்டுக்கு ஐந்தும் போட்டுக் கூட்டினால் உண்மையான வேறுபாடு மறைந்துபோகிறது. என் தீர்ப்பு இது. மூன்று வயதில், நடக்கும் தூரத்தில் டீச்சரும் ஆயாவும் இருவரும் உள்ள, பிள்ளையின் பேச்சு புரியும் அங்கன்வாடி கிடைத்தால், தொலைவில் இருக்கும் பெரிய பள்ளியின் எல்.கே.ஜி.யைத் தேட வேண்டாம். நான்கு வயதில், அரசுப் பள்ளியின் எல்.கே.ஜி.யில் பிள்ளைகள் முப்பதுக்குள் இருந்து, டீச்சர் சென்ற ஆண்டும் அதே வகுப்பில் இருந்தவர் என்றால், மாற்றலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று டீச்சர்கள் மாறும் வகுப்பு என்றால், தரம் உயர்த்தப்பட்ட அங்கன்வாடியிலேயே யு.கே.ஜி. வரை இருக்கட்டும். அங்கன்வாடியில் படித்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் எடுக்க மாட்டார்களோ என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடை செய்துவிட்டது.

சேர்த்த பிறகு ஆறாவது வாரத்தில், அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே மூலையில் இன்னொரு காலை உட்காருங்கள். இம்முறை எல்லாப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, உங்கள் பிள்ளையை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள்: யாரோடு பேசுகிறது, யாருடைய பெயரைச் சொல்லி அழைக்கிறது, டீச்சர் அதன் பெயரை எத்தனை முறை சொல்கிறார்? பதினெட்டுக் குறிப்புகளில் ஒன்றில்கூட யாரும் அதனோடு பேசவில்லை என்றால், அன்றே டீச்சரிடம் சொல்லுங்கள். அடுத்த மாதமும் அப்படியே இருந்தால் வேறு அங்கன்வாடிக்கு மாற்றுங்கள். அங்கே சேர்க்க அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை.